எட்டாம் நாள் எங்கள் முறை: பழவேற்காட்டு வகுப்பறையும் கலப்பு மதிப்பீடும்



தங்கள் தலைமையாசிரியரின் நினைவாக, அவரிடம் படித்த மாணவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு நிறுவிய அறக்கட்டளை இது. இதில் பேச ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியரைக் கூப்பிட வேண்டும் என்று தோன்றியதே அவருக்குச் செய்த மரியாதைதான். தலைப்பை நானே முடிவு செய்துகொள்ளலாம் என்றார்கள். என் பணிக்காலத்தின் பெரும்பகுதி பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் கழிந்தது. சாக்பீஸும் கரும்பலகையும் மட்டும் இருந்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். கையில் டேப்லெட்டோடு வெளியே வந்தேன். இந்தக் கருவிகளை வைத்துக்கொண்டு பிள்ளைகளை எப்படி மதிப்பிட்டோம், இன்னும் எப்படி மதிப்பிடலாம் என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன். ஆசிரியர் கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும் ஒரு பக்கம், கருவி பதிந்து வைத்தது ஒரு பக்கம், இரண்டையும் சேர்த்து வைத்து ஒரு பிள்ளையைப் புரிந்துகொள்வதைக் கலப்பு மதிப்பீடு என்கிறார்கள். பெயர் புதிது. விஷயத்தை ஒரு பையனிடமிருந்து தொடங்குகிறேன்.

நாலாம் வகுப்புப் பையன். மதிப்பீட்டு நேரம். போனில் கேள்வி வரும், பிள்ளையிடம் காட்டுவேன், நாலு விடையில் ஒன்றை அவன் தொடுவான். 17ஐ 5ஆல் வகுத்தால் மீதி என்ன என்று கேள்வி. அவன் என் முகத்தைப் பார்த்தான், திரையைப் பார்த்தான், கடைசி விடையைத் தொட்டான். தப்பு. அடுத்ததும் வகுத்தல்தான். அதுவும் தப்பு. ஐந்து கேள்வியில் ஒன்று சரி. பதிவாகிவிட்டது. அவன் பெயருக்கு நேரே சிவப்பு.

அன்று மதியம் சத்துணவு சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு நிற்கிறான். அப்பா கடலுக்குப் போயிருக்கிறாரா, ஏரிக்குப் போயிருக்கிறாரா என்று பேச்சுக்குக் கேட்டேன். "இன்னிக்கு எங்க முறை இல்ல டீச்சர். எட்டாம் நா எங்க முறை" என்றான்.

அவன் சொன்னது பாடு முறை. அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பழவேற்காடு ஏரியில் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம் ஆகிய ஊர்களின் மீனவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கடைப்பிடித்து வரும் ஏற்பாடு அது. நல்ல மீன்பாடு உள்ள இடங்களை யாரும் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. சீட்டுக் குலுக்கி முறை வைத்து, இன்றைக்கு இவர்கள், நாளைக்கு அவர்கள் என்று சுழற்சியில் வலை கட்டுவார்கள். ஏரியைச் சண்டையில்லாமல் பங்கிட்டுக்கொள்ள ஊரார் தாங்களே கண்டுபிடித்த வழி. வெளிநாட்டு ஆய்வாளர்கள் இதைத் தேடி வந்து எழுதியிருக்கிறார்கள். எங்கள் பள்ளிப் பாடப்புத்தகத்தில் மட்டும் நான் பார்த்ததில்லை.

"எட்டாம் நாள் என்று எப்படிச் சொல்ற?" என்று கேட்டேன். "மொத்தம் பதிமூணு குரூப். இன்னிக்கு ஒம்பது போயிருக்கு. பதிமூணு முடிய இன்னும் நாலு நா. அப்புறம் ஒண்ணுலேருந்து. நாங்க நாலு. நாலும் நாலும் எட்டு." விரலைக்கூட மடக்கவில்லை. விடாமல் கேட்டேன்: "அப்ப ஒரு மாசத்துல உங்களுக்கு எத்தனை தடவை வரும்?" இந்தத் தடவை கொஞ்சம் யோசித்தான். "முப்பது நாள்ல ரெண்டு தபா வந்துரும். நாலு நா மிச்சம் நிக்கும். அந்த நாலு நாள்ல எங்க முறை வுழுந்தா மூணு."

30ஐ 13ஆல் வகுத்தால் ஈவு 2, மீதி 4. அது மட்டுமில்லை. அந்த மீதிக்கு என்ன பொருள், அது விடையை எப்போது மாற்றும் என்பது வரைக்கும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. காலையில் இதே கணக்குக்குத்தான் சிவப்பு வாங்கினான். இதை வகுப்பில் ஒரு நாளும் நான் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஓடிப்போய்ப் போனை எடுத்து வந்தேன். "இப்ப சொன்னியே, அத இன்னொரு தடவ சொல்லு கண்ணு." குரல் பதிவை அழுத்தினேன். நாற்பது நொடிப் பதிவு. பின்னால் தட்டு கழுவுகிற சத்தம், ஒரு காக்கை, நடுவில் அவன் குரல். நான் செய்த முதல் உருப்படியான டிஜிட்டல் மதிப்பீடு அதுதான்.

இது ஏதோ ஒரு குப்பத்தில், ஒரு பையனுக்கு நேர்ந்த தற்செயல் இல்லை. பிரேசிலில் ரெசிஃபே என்ற கடற்கரை நகரத்தில் தெருவில் தேங்காயும் பழமும் விற்ற சிறுவர்களை டெரெசின்யா கராஹர், டேவிட் கராஹர், அனலூசியா ஷ்லீமன் என்ற மூன்று ஆய்வாளர்கள் கவனித்து 1985இல் எழுதினார்கள். வியாபாரம் நடக்கும்போது வாடிக்கையாளராகப் போய்க் கணக்குக் கேட்டபோது 98 சதவீத விடைகள் சரி. அதே கணக்குகளைக் கதைக் கணக்காக எழுதிக் கொடுத்தபோது 74. வெறும் எண்களாகக் கொடுத்தபோது 37. அதே பிள்ளைகள், அதே கணக்கு. அந்த ஆய்வாளர்கள் பிறகு பிரேசில் மீனவர்களிடமும் போனார்கள். அதிகம் படிக்காத மீனவர்கள் மீனின் எடையையும் விலையையும் வைத்து விகிதக் கணக்குகளை அனாயாசமாகப் போட்டார்கள். நாங்கள் பழவேற்காட்டு மீன் ஏலத்தில் தினம் பார்ப்பதுதான்.

ஆகவே எந்தக் கருவியாக இருந்தாலும் நான் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றே: பிள்ளைக்குத் தெரிந்தது வெளியே வர அது வழி விடுகிறதா?

மதிப்பீட்டில் இரண்டு வகை என்று 1967இல் மைக்கேல் ஸ்கிரிவன் பிரித்துச் சொன்னார். வளர்கிறபோதே பார்த்துத் திருத்துவது ஒன்று, முடிந்த பிறகு தொகுத்துப் பார்ப்பது இன்னொன்று. நம் தமிழில் வளரறி மதிப்பீடு, தொகுத்தறி மதிப்பீடு. அழகான சொற்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் 2012-13இல் முப்பருவ முறையோடு அது வந்தது. வளரறிக்கு 40, தொகுத்தறிக்கு 60. பாட்டு, நடிப்பு, செயல்திட்டம், சின்னச் சின்னத் தேர்வு எல்லாம் அந்த 40க்குள் அடங்கும். எண்ணம் நல்ல எண்ணம். நடந்தது என்ன? பருவக் கடைசியில் உட்கார்ந்து, இந்தப் பிள்ளை நன்றாகத்தான் செய்தது என்ற நினைவை நம்பி வளரறிக் கட்டங்களை நிரப்பினோம். நானும் நிரப்பியிருக்கிறேன். ஒரு வகுப்பில் முப்பத்தைந்து பிள்ளைகள், நாலைந்து பாடம், ஒவ்வொன்றிலும் நாலு செயல்பாடு. ஜூலையில் ஒரு சிறுமி கதை சொன்ன விதம் செப்டம்பரில் எனக்கு எங்கே நினைவிருக்கும்? வளரறி என்ற சொல்லில் இருந்த வளர்ச்சி எங்கள் பதிவேட்டில் இல்லை.

கையடக்கக் கருவி ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியருக்குத் தருகிற பெரிய உதவி இந்த இடத்தில்தான் இருக்கிறது. அது மறக்காது. ஜூலைக் கதையை ஜூலைக் குரலிலேயே செப்டம்பரில் கேட்கலாம்.

கொரோனா காலத்துக்குப் பிறகு நம் மாநிலத்தில் மதிப்பீடு கருவிக்குள் வேகமாக நுழைந்தது. காரணம் உங்களுக்குத் தெரியும். பதினெட்டு மாதத்துக்கு மேல் தொடக்கப் பள்ளிகள் மூடிக் கிடந்தன. எங்கள் குப்பங்களில் வீட்டுக்கு ஒரு போன் இருந்தாலும் அது அப்பாவோடு படகில் போய்விடும். கிராமப்புறத் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளை வீடு தேடிப் போய்ச் சோதித்து அபிஜீத் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் 2022இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 2021 டிசம்பரில் இழப்பு மிகப் பெரிதாக இருந்தது. பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் அதில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. மீண்டதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குக்கு இல்லம் தேடிக் கல்வி என்ற மாலை நேரத் தன்னார்வலர் மையங்கள் காரணம். இந்த ஆய்வைப் படித்தபோது, மாலையில் தெருவிளக்கடியில் பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைத்த எங்கள் ஊர்ப் பெண்களின் முகம் எனக்கு முன்னால் வந்தது. ஆனாலும் மீள வேண்டியது நிறைய இருந்தது. அசர் என்ற கல்விநிலை ஆய்வறிக்கையின்படி தமிழ்நாட்டு மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கக் கூடியவர்கள் 2018இல் 10.2 சதவீதம், 2022இல் 4.8 சதவீதம்.

அந்தச் சூழலில்தான் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. 2022 ஜூன் 13ஆம் தேதி முதலமைச்சர் அதைத் தொடங்கி வைத்தது எங்கள் திருவள்ளூர் மாவட்டத்திலேயே, அழிஞ்சிவாக்கம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில். 2025க்குள் எட்டு வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளும் எழுத்தும் எண்ணும் அறிய வேண்டும் என்பது இலக்காக இருந்தது. ஒன்று முதல் மூன்று வரை உள்ள பிள்ளைகளை வகுப்பை வைத்துப் பிரிக்காமல், தெரிந்ததை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தார்கள். யார் எந்த நிலை என்று தெரிய ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டுச் செயலியில் உள்ள கேள்வியைக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். அடுத்த ஆண்டு நாலு, ஐந்து வகுப்புகளுக்கும் திட்டம் வந்தது.

இதில் ஒரு நன்மையை நான் மனமாரச் சொல்வேன். வரிசையில் கடைசியாக, சுவரோரமாக உட்கார்ந்து எப்போதும் வாயே திறக்காத பிள்ளையோடு தனியாக ஐந்து நிமிடம் உட்கார இது என்னைக் கட்டாயப்படுத்தியது. இருளர் குடியிருப்பிலிருந்து வருகிற ஒரு சிறுமி. மூன்றாம் வகுப்பு வரைக்கும் வந்துவிட்டாள். அவளுக்கு 'க'வும் 'த'வும் பிரித்துத் தெரியவில்லை என்பது அப்படி உட்கார்ந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. கூட்டத்தில் எல்லோரோடும் சேர்ந்து உரக்கச் சொல்வாள், யாரும் கண்டுபிடிக்க முடியாது. அரும்பு என்று போட்டேன். ஒரு பருவம் அவளோடு அரும்பிலேயே இருந்தேன். வாசிக்க வந்துவிட்டாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆசிரியர்கள் கையில் எழுதுகிற மதிப்பெண் எல்லாம் உண்மை, கருவிதான் பொய் என்று பேசுகிறவர்களோடு நான் சேர மாட்டேன். ஏரியின் அந்தக் கரையில், ஆந்திரத்தில், முன்பு சொன்ன அபிஜீத் சிங் இன்னொரு ஆய்வு செய்தார். ஆசிரியர்கள் தாங்களே நடத்திய காகிதத் தேர்வில் மதிப்பெண்கள் உண்மை நிலையைவிட வீங்கியிருந்தன. டேப்லெட்டில் சோதித்த பள்ளிகளில் அந்த வீக்கம் பெரும்பாலும் இல்லை. இதைக் கேட்டு ஆசிரியர்கள்மேல் கோபப்பட வேண்டாம். மதிப்பெண் குறைந்தால் உனக்கு மெமோ என்று ஓரிடத்தில் சொல்லிவிட்டால் அங்கே எந்த எண்ணும் மெய் பேசாது. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் மாலை ஐந்து மணிக்குள் நூறு சதவீதம் என்ட்ரி முடிய வேண்டும் என்று செய்தி வரும். இறால் ஓடுகிற நாட்கள். பாதிப் பிள்ளைகள் வரவில்லை. பெண் பிள்ளைகள் வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்கிறார்கள். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடுகிற நாளென்றால் படகுகள் இறங்கக் கூடாது, அன்றைக்கு அப்பா வீட்டில் இருப்பார், பிள்ளைகள் வருவார்கள். வரவும் வராததும் ஏரி சொல்கிற கணக்கு. செயலிக்கு அது தெரியாது. வராத பிள்ளைகளுக்கும் அன்று நான் டிக் போட்டேன். ஒரு பிள்ளைக்கு மொட்டு என்று போட்டது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. ஏனென்றால் அடுத்த மாதம் அவள் வந்தபோது மலர்ப் பாடத்தைச் சரளமாக வாசித்தாள். மேலே இருப்பவர்களுக்கு அவள் இன்னும் மொட்டு.

பதிவுச் சுமையைக் குறைக்கச் சொல்லி ஆசிரியர் சங்கங்கள் தொடர்ந்து குரல் எழுப்பின. அவர்கள் கேட்டது நியாயம். ஈமிஸ் என்ற இணையப் பதிவு வேலை முடிந்து மிச்சமுள்ள நேரத்தில் பாடம் நடத்துகிற நிலை எந்தப் பள்ளிக்கும் வரக்கூடாது. எங்களுக்குச் சிக்னலும் ஒரு பாடு. சில குப்பங்களில் வகுப்பறைக்குள் ஒரு கோடுகூட வராது. பள்ளிச் சுற்றுச்சுவர் மேல் போனை வைத்துவிட்டு, சிங்க் ஆகிவிட்டதா என்று அரை மணிக்கு ஒரு தடவை எட்டிப் பார்ப்போம். படகுத்துறை வரைக்கும் நடந்து போய் அனுப்பிவிட்டு வந்த நாட்களும் உண்டு. அத்தனை பாடுபட்டு அனுப்பிய தகவல் என்ன ஆயிற்று? மாவட்டத்துக்குப் போனது, மாநிலத்துக்குப் போனது, வரைபடத்தில் பச்சையாகவும் சிவப்பாகவும் ஆனது. என் வகுப்பில் இந்தப் பையனுக்கு நாளைக் காலை என்ன சொல்லிக் கொடுக்கலாம் என்ற செய்தியாக அது என்னிடம் திரும்பி வந்த நாட்கள் மிகக் குறைவு.

இப்படி ஒரு வழிப் போக்கானால் என்ன ஆகும் என்று பழவேற்காட்டில் இருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆரணியாறும் காளங்கியும் சுவர்ணமுகியும் நன்னீர் கொண்டுவந்து சேர்க்கின்றன. முகத்துவாரம் வழியாகக் கடல் நீர் உள்ளே வந்து போகிறது. அந்த வரத்தும் போக்கும் இருக்கிற வரைதான் ஏரியில் இறாலும் மடவையும் நண்டும். முகத்துவாரம் மணல் மேடிட்டு அடைத்துக்கொண்டால் படகும் வெளியே போகாது, கடல் குஞ்சுகளும் உள்ளே வராது. தூர்வாரித் திறந்து விடுங்கள் என்று மீனவர்கள் எத்தனை ஆண்டுகள் கேட்டார்கள்! நம் மதிப்பீட்டின் முகத்துவாரத்தில் போக்கு மட்டும் இருக்கிறது, வரத்து இல்லை. நான் பேச வந்தது முழுக்க இந்த ஒரு விஷயம்தான். கருவி பதிந்தது முதலில் அந்தப் பிள்ளைக்குத் திரும்ப வேண்டும், அடுத்து அதன் தாய்க்கு, அடுத்து ஆசிரியருக்கு. மாவட்டம் அதற்குப் பிறகு.

எங்கள் பள்ளியில் என்ன செய்தோம் என்று சொல்கிறேன். பெரிய சாதனை இல்லை, நாலு பேர் செய்யக்கூடியது.

ஒவ்வொரு பிள்ளையும் ஆண்டுக்கு மூன்று முறை போனில் வாசிக்கும். ஜூலையில் ஒன்று, காலாண்டு விடுமுறை முடிந்து ஒன்று, பொங்கல் முடிந்து ஒன்று. ஒரு நிமிடம் போதும். மூன்று முறையும் ஒரே பத்தி அல்ல, ஆனால் ஒரே அளவு கடினம். அதற்கு இணையம் வேண்டாம், தனிச் செயலி வேண்டாம். போனில் ஏற்கனவே இருக்கிற குரல் பதிவு போதும். கோப்புக்குப் பிள்ளையின் வரிசை எண்ணையும் மாதத்தையும் பெயராக வைப்போம். கணக்கு நோட்டில் பிள்ளை போட்ட வழியைப் படம் எடுப்போம். அடித்துத் திருத்திய பக்கமாகப் பார்த்து எடுப்போம். சரியான விடையைவிட அடித்த கோடுதான் அவன் எப்படி யோசிக்கிறான் என்று காட்டும். இவற்றோடு ஒரு வரி எழுதி வைப்போம். "மெய்யெழுத்தில் நின்று நின்று போகிறாள்." "கடன் வாங்கிக் கழித்தலில் கடனை மறக்கிறான்." அரசு கேட்கிற செயலிப் பதிவு வழக்கம்போல நடக்கும். எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஒன்றோடொன்று ஒத்துப்போனால் நிம்மதி. ஒத்துப்போகவில்லை என்றால் அன்றைக்கு அந்தப் பிள்ளையோடு உட்கார வேண்டும். பாடு முறைப் பையனுக்கு நடந்தது அதுதான். செயலி சிவப்பு, குரல் பதிவு பச்சை. எனக்குப் புரிந்தது, அவனுக்கு வகுத்தல் தெரியும், வகுத்தல் குறிதான் தெரியாது. மறுநாள் கரும்பலகையில் பதிமூன்று குழுவை எழுதி, அவனையே கூப்பிட்டு விளக்கச் சொன்னேன். அதன் பக்கத்தில் வகுத்தல் குறியை நான் போட்டேன். இரண்டு வாரம் ஆனது. குறி பழகிவிட்டது.

எல்லாப் பிள்ளைக்கும் ஒரே நேரத்தில் ஒரு கேள்வி கேட்க வேண்டுமென்றால் பிளிக்கர்ஸ் என்று ஒரு முறை இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு கணித ஆசிரியர் தன் வகுப்புக்காக உருவாக்கியது. பிள்ளைகளிடம் போன் இருக்க வேண்டியதில்லை. ஆளுக்கு ஒரு அட்டை, அதில் கறுப்புக் கட்டங்கள். அட்டையை எந்தப் பக்கம் மேலே வைத்துத் தூக்குகிறார்களோ அது விடை. ஆசிரியர் தன் போன் கேமராவை ஒரு சுற்றுச் சுற்றினால் யார் என்ன சொன்னார்கள் என்று தெரிந்துவிடும். பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுத முடியாது, ஏனென்றால் ஒவ்வொரு அட்டையிலும் கட்டம் வேறு. கூச்சப்படுகிற பிள்ளை தப்பாகச் சொன்னாலும் வகுப்புக்குத் தெரியாது. பாடம் தொடங்கும் முன் ஒன்று, முடிந்த பின் அதே கேள்வி ஒன்று. நாற்பது நிமிடத்தில் என் பாடம் எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது என்பது அன்றே தெரியும். நான் நன்றாக நடத்தினேன் என்று நினைத்த பாடங்கள் சில அன்று என்னைத் தலைகுனிய வைத்தன. மறுநாள் திரும்ப நடத்தினேன்.

பிள்ளை வாசிப்பதைக் கேட்டுத் தானே திருத்துகிற செயலிகளும் வந்துவிட்டன. 2022 ஜூனில் இல்லம் தேடிக் கல்வி மையங்கள் வழியாகக் கூகுளின் ரீட் அலாங் செயலியில் பன்னிரண்டு நாள் வாசிப்பு மாரத்தான் நடந்தது. 18 லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் கலந்துகொண்டார்கள். யாருமில்லாத நேரத்திலும் பிள்ளைக்கு வாசித்துப் பழக ஒரு துணை கிடைப்பது நல்லதே. ஆனால் குரலறியும் கருவி எதுவானாலும் அதன் தீர்ப்பை ஆசிரியர் காது ஒரு முறை கேட்டுச் சரிபார்க்க வேண்டும் என்பேன். எங்கள் பக்கம் 'ழ'கரம் வாயில் 'ய'கரமாகத்தான் விழும். தன் ஊர்ப் பெயரையே பயவேக்காடு என்று சொல்லி வளர்ந்த பிள்ளை, எழுத்தைச் சரியாக அறிந்து, தன் நாக்கில் வருகிறபடி வாசிக்கிறது. ஏரியின் வடக்கே போகப் போக வீட்டில் தெலுங்கு. வாசிக்கத் தெரியாமை வேறு, வட்டார உச்சரிப்பு வேறு. அந்த வேறுபாட்டைத் தெரிந்து மார்க் போட அந்த ஊர்க் காற்று பட்ட காது வேண்டும்.

மார்க் என்றதும் ஒன்று. இஸ்ரேலில் ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வு ஆசிரியர் பயிற்சியில் எல்லோரும் படிக்க வேண்டியது. பிள்ளைகளின் வேலையைத் திருத்திச் சிலருக்கு மதிப்பெண் மட்டும் கொடுத்தார்கள். சிலருக்குக் கருத்து மட்டும். சிலருக்கு இரண்டும். கருத்து மட்டும் பெற்றவர்கள் அடுத்த வேலையில் முன்னேறினார்கள். மதிப்பெண்ணும் கருத்தும் சேர்த்துப் பெற்றவர்கள், மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே, முன்னேறவில்லை. எண்ணைப் பார்த்ததும் எழுத்தைப் படிப்பதில்லை. அதனால் குரல் பதிவுக்கு நாங்கள் மதிப்பெண் போடுவதில்லை. ஜூலைக் குரலையும் பொங்கல் குரலையும் அடுத்தடுத்து ஓட விட்டுப் பிள்ளையிடமே, "எது மாறியிருக்கு சொல்லு" என்று கேட்போம். ஒரு சிறுவன் சொன்னான்: "அப்ப மூச்சு வாங்குது டீச்சர். இப்ப வாங்கல." முற்றுப்புள்ளியில் நின்று வாசிக்கக் கற்றுக்கொண்டதை அவன் அப்படிச் சொன்னான். எந்த அட்டவணையில் இதற்குக் கட்டம் இருக்கிறது?

சில எச்சரிக்கைகளும் உண்டு. குரலும் படமும் பிள்ளையின் சொத்து. 2023ஆம் ஆண்டுத் தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவர்களின் தரவைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் கேட்க வேண்டியதுதான். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு பிள்ளை திக்கித் திணறி வாசிப்பதைப் போடுவது பாவம். ஒரு பயிற்சியில் அப்படிப் போட்டதை நானே பார்த்தேன், மனம் பதறியது. ஆசிரியர் தன் சொந்தப் போனில் சேர்த்து வைப்பதும் சரியில்லை. இப்போது தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு அரசு டேப்லெட் கொடுத்திருக்கிறது. அதில் வைக்கலாம். ஆண்டு முடிந்ததும் பெற்றோர் போனுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு அழிக்கலாம். அடுத்த வகுப்பு ஆசிரியருக்கு அந்த ஒரு வரிக் குறிப்பு மட்டும் போனால் போதும். இதற்கு நேரம் வேண்டும். வாரத்தில் ஒரு மதியம் எந்தப் படிவமும் எந்தப் பதிவும் கேட்காமல் விட்டால் போதும், ஆசிரியர்கள் இதைச் செய்வார்கள். இந்த அவையில் கல்வித் துறையைச் சேர்ந்தவர்கள் இருக்கிறீர்கள். உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது அந்த ஒரு மதியத்தைத்தான்.

முன்னே சொன்ன இருளர் சிறுமி. அவள் அம்மா ஏரியில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிப்பவர். இடுப்பளவு தண்ணீரில் நாள் முழுக்க நிற்கிற வேலை. பள்ளிக்குள் வரத் தயங்குவார், கூப்பிட்டாலும் கேட்டுக்கு வெளியிலேயே நிற்பார். ஒரு நாள் வேலை முடிந்து ஈரச் சேலையோடு மகளைக் கூட்டிப்போக வந்தார். நான் கேட்டுக்குப் போய் டேப்லெட்டைக் கொடுத்தேன். கை ஈரம் என்று வாங்கவில்லை. நானே காதருகே பிடித்தேன். முதலில் ஜூலைப் பதிவு. எழுத்து எழுத்தாக, நடுவில் நீண்ட மௌனம். அடுத்தது அக்டோபர். மெதுவாக, ஆனால் நிற்காமல், ஒரு நரியும் ஒரு ஆமையும் வருகிற கதை. அவர் முகத்தை என்னிடமிருந்து திருப்பிக்கொண்டார். "இது எம்பொண்ணு கொரலா டீச்சர்?" என்றார். ஆமாம் என்றேன். "இன்னொரு தபா வையுங்க." வைத்தேன். மகள் அம்மாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, தன் குரலோடு சேர்ந்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் அவர் கேட்டார்:

"அடுத்தது எப்ப எடுப்பீங்க?"

"பொங்கல் முடிஞ்சதும்மா."

"நா வர்றேன்" என்றார்.